டுவேன் ஸ்ட்ரோபெலின் வலது கால்

டுவேன் ஸ்ட்ரோபெல் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அவனைத் திட்டுவதைத் தவிர வேறு எதையும் நான் செய்யப் போவதில்லை.

முப்பத்து நான்கு வருஷமாக வடமேற்கு ஓஹையோவில் வீட்டு ஹீட்டர் பழுது பார்க்கிறான். ஜனவரியில் ஹீட்டர் நின்றுபோய், கோட்டு போட்டுக்கொண்டு சமையலறையில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அவன் கதவைத் தட்டுவதன் அருமை தெரியும். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்காரர் மேல் குற்றமே சொல்ல மாட்டான். சூடான காற்று வரும் ஓட்டைகளைப் பூனைப் படுக்கையால் அடைத்திருப்பார்கள். வடிகட்டியை ஆறு வருஷமாக மாற்றியிருக்க மாட்டார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு வயசாயிடுச்சும்மா, அது என்ன பண்ணும்?" என்பான். மரியாதைக்காகத்தான் அப்படிச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவனே அதை நம்பிவிட்டான் என்பது என் கணிப்பு. எது கெட்டாலும் குறை பொருளில்தான், மனுஷனிடம் இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். கறி கருகினால் அடுப்பு சரியில்லை. பனியில் வழுக்கி விழுந்தால் பூட்ஸ் சரியில்லை. ஒருமுறை கல்யாண நாளையே மறந்துவிட்டு, அந்த வருஷத்து நாள்காட்டியில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது என்றான். இதையெல்லாம் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவன் மனைவி ரோக்ஸேன். நாங்கள் ரோக்ஸி என்போம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள்.

நான் லைல், பக்கத்து வீடு. எங்கள் கார் கிளப்பில் நேரம் குறிப்பது என் வேலை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிப்போன மால் ஒன்றின் காலியான பார்க்கிங் இடத்தில் ஆரஞ்சு நிற ரப்பர் கோன்களை வைத்து வளைந்து வளைந்து பாதை போடுவோம். ஒவ்வொரு காராக, தனியாக, அதற்குள் ஓடி வரவேண்டும். ஆளுக்கு நான்கு ஓட்டம், அதில் நல்லது ஒன்று கணக்கு. ஒரு கோனை இடித்தால் இரண்டு நொடி தண்டம். ஒரு கோஷ்டி ஓட்டும்போது இன்னொரு கோஷ்டி வெயிலில் நின்று, விழுந்த கோன்களை ஓடி ஓடி நிமிர்த்தி வைக்கும். பல் டாக்டராக இருந்தாலும் சரி, குப்பை லாரி ஓட்டுகிறவராக இருந்தாலும் சரி, கோன் எடுக்காமல் தப்ப முடியாது.

டுவேன் ஐம்பதாவது வயதில் ஒரு பழைய மஞ்சள் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தான். ஒன்பது வருஷம் ஆயிற்று. அவன் பிரிவில் பதினோரு பேர். எட்டாவதாக வருவான், ஒன்பதாவதாக வருவான், நல்ல நாளில் ஏழு. ஒவ்வொரு முறையும் காருக்கு ஏதோ ஒன்று. முதலில் டயர். டயரை மாற்றினான். அப்புறம் ஷாக் அப்சார்பர், சக்கரத்தின் கோணம், பிரேக், பெட்ரோல். எல்லாவற்றையும் இரண்டு சுற்று மாற்றிவிட்டான். ஒருமுறை மாலின் தரையைக்கூடக் குறை சொன்னான், நாங்கள் எல்லோரும் அதே தரையில்தான் ஓட்டுகிறோம் என்பதை மறந்து. அவனுக்கு இருந்த ஒரே பெருமை, அவன் கோனை இடிப்பதே இல்லை என்பது. "ஒம்போது வருஷத்துல இருபது கோன் இடிச்சிருந்தா அதிகம்," என்று மார்தட்டுவான்.

பிப்ரவரியில் கிளப்பின் வருஷ விருந்து. பீட்சா கடையின் பின்னறையில் முப்பது பேர். டுவேன் அந்த வருஷத்துக்கான புதுக் காரணத்தை விளக்கிக்கொண்டிருந்தான், காருக்கு அடியில் இருக்கும் ஏதோ ஒரு ரப்பர் புஷ். ரோக்ஸி பீட்சாவின் ஓரத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"டுவேன், அந்தக் கார்ல எல்லாத்தையும் மாத்தியாச்சு. இன்னும் மாத்தாதது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்ன அது?"

"ஸ்டீயரிங் பின்னாடி உக்கார்ற ஆளு."

சிரிப்பில் பின்னறையே அதிர்ந்தது. எப்போதும் முதலில் வருகிற கர்ட்டிஸுக்குப் புரையேறிவிட்டது. டுவேனின் காது சிவந்துபோனதைப் பார்த்தேன். எழுந்து நின்றான்.

"சரி. எல்லாரும் கேட்டுக்கோங்க. ஒரு டிஸ்ப்ளே வாங்கி மாட்டப் போறேன். ஆக்ஸிலரேட்டர்ல கால் எவ்வளவு அமுங்கிச்சு, கார் எவ்வளவு ஓடிச்சு, எல்லாத்தையும் அது எழுதி வைக்கும். கால் முழுசா அமுங்கியிருந்தும் கார் ஓடலேன்னா தப்பு கார் மேல. காலைத் தூக்கியிருந்தேன்னா தப்பு என் மேல. என் மேலதான்னு தெரிஞ்சா, சாவிய ரோக்ஸி கையில குடுத்துட்டு வருஷம் பூரா கோன் பொறுக்குவேன்."

"பேப்பர்ல எழுதிக் குடு," என்றான் கர்ட்டிஸ்.

எழுதியும் கொடுத்தான், பீட்சா பெட்டியின் மூடியில். கிண்டலில் கொடுத்த வாக்குதான். ஆனால் அந்தக் காரைத் தவிர அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. மாதம் இருபத்தொன்பது நாள் அடுத்தவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் முட்டி போட்டு வேலை செய்கிறவன், ஒரு நாள்தான் நிமிர்ந்து உட்காருவான். அதைத்தான் பணயம் வைத்தான்.

மார்ச் மாதம் டிஸ்ப்ளே வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. கூடவே கூரையில் ஒட்டுகிற சின்ன ஆண்டெனா, அது செயற்கைக்கோளைப் பிடித்து கார் எங்கே போகிறது என்று குறிக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் கருவியைச் செருகும் ஓட்டையில் ஒரு வயரைச் செருக வேண்டும். இருபது நிமிஷ வேலை என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது. மூன்று சனிக்கிழமை ஆயிற்று. என் மூன்று சனிக்கிழமை, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அதன் பின்னால் வயரை மறைத்துக் கொண்டுபோக வேண்டும். "மெதுவா இழு," என்றேன். பட்டென்று இழுத்தான். உள்ளே இருந்த மூன்று கிளிப்பும் ஒடிந்து, ஒன்று எங்கேயோ உள்ளே விழுந்து, இன்றுவரை கார் வளையும்போது கடகடவென்று உருளுகிறது.

"இந்தக் காலத்து கிளிப்பே சரியில்ல," என்றான்.

"இருபது வருஷத்துக் கிளிப்புடா அது!"

"அப்போ பழசாயிடுச்சு."

எனக்கு அப்போதே ஸ்பானரைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது. போகவில்லை. என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

வயர் போட்டாயிற்று, திரை எரிந்தது. 'செயற்கைக்கோளைத் தேடுகிறது' என்றது. தேடிக்கொண்டே இருந்தது. காரேஜில் இரண்டு மடக்கு நாற்காலியைப் போட்டு ஒன்றரை மணிநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டுவேன் ஆண்டெனாவைப் பிய்த்து ஒட்டினான், துடைத்து ஒட்டினான், மட்டமான சரக்கு என்று முடிவும் கட்டிவிட்டான். துணி மூட்டையோடு அந்தப் பக்கம் வந்த ரோக்ஸி எங்களைப் பார்த்தாள், தலைக்கு மேலே தகரக் கூரையைப் பார்த்தாள்.

"காரை வெளிய தள்ளுங்கய்யா," என்றாள்.

தள்ளினோம். பத்து நொடியில் பிடித்துவிட்டது. டுவேன் கூரையை முறைத்தான்.

அடுத்த சனிக்கிழமை கார் கிளம்பவே இல்லை. பேட்டரி செத்திருந்தது. பேட்டரி சரியில்லை என்று புதிதாக வாங்கிப் போட்டான். ஒரு வாரத்தில் அதுவும் செத்தது. இரண்டாவது புதுப் பேட்டரிக்குக் கிளம்பியவனை ரோக்ஸிதான் வாசலில் நிறுத்தினாள்.

"அந்த டிஸ்ப்ளே பெட்டியோட வயரை நீ பிடுங்கவே இல்ல. ராத்திரி பகலா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. நான் பஸ்ல லைட்ட அணைக்காம வந்தா மறுநாள் கிளம்புமா?"

"அதுவா அணையணும். நல்ல பெட்டின்னா அதுவா அணையும்."

"நல்ல புருஷன்னா அதுவா அணைப்பான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மே மாதப் போட்டியில் முதன்முதலாக அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினான். இரண்டாவது வளைவில் கண்ணாடியில் ஒட்டியிருந்த ரப்பர் கழன்று, திரை அவன் மடியில் விழுந்து, அங்கிருந்து காலடிக்குப் போய்விட்டது. பிரேக்குக்கு அடியில் போயிருந்தால் கார் நின்றிருக்காது. அன்றைக்கு அது பதிந்து வைத்தது முதல் வளைவை மட்டும்தான். அதில் வேகம் தொண்ணூற்று நான்கு என்று இருந்தது. டுவேன் அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். அந்தப் பார்க்கிங்கில் எவனும் அறுபது மைலைத் தாண்டியதில்லை. கர்ட்டிஸ் திரையை உற்றுப் பார்த்து, "இது மைல் இல்லப்பா, கிலோமீட்டர், கனடா கணக்கு. அங்கதான் கிளம்பிட்டியா?" என்றான். அதற்கும் டுவேன் பெட்டியைத்தான் திட்டினான். மைலா கிலோமீட்டரா என்று அது முதலிலேயே கேட்டதும், அவன் படிக்காமல் பட்டனை அழுத்தியதும் எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் இருந்தேன்.

ஜூன் மாதத்துக்குள் புதுக் காரணம் ஒன்று பிறந்திருந்தது. டயர் சூடேறுவதில்லை. எங்கள் விளையாட்டில் அது உண்மையான விஷயம்தான். ஒரு ஓட்டம் ஒரு நிமிஷம்கூட இல்லை, அடுத்த ஓட்டத்துக்குள் டயர் ஆறிவிடும். அதனால் சிலர் ஒரே காரை இரண்டு பேராக ஓட்டுவார்கள். ஒருவர் ஓட்டி இறங்கியதும் அடுத்தவர் சூட்டோடு ஏறிக்கொள்வார். டுவேனின் எண் முப்பத்தெட்டு. கூட ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு ஒன்றைச் சேர்த்து நூற்று முப்பத்தெட்டு, அதுதான் எங்கள் வழக்கம்.

"ரோக்ஸி, ஒவ்வொரு தடவையும் நீ எனக்கு முன்னாடி ஒரு சுத்து ஓட்டு. டயரச் சூடு பண்ணிக் குடு, போதும். வேகமால்லாம் போக வேணாம்," என்றான்.

ஒன்பது வருஷமாகப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வந்தவள், ஒருமுறைகூட ஓட்டியதில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பெட்டில நான் ஏதாச்சும் அமுக்கணுமா?"

"ஒண்ணையும் தொடாதே. தொட்டுத் தொலைச்சுடாதே. எல்லாத்தையும் செட் பண்ணி வச்சிருக்கேன்."

திரையை இந்த முறை பெரிய ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தான். ஜூன் வெயில் நேரே அதன் மேல் அடித்ததில், ஓட்டும்போது ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. பரவாயில்லை, எல்லாம் பதிவாகிறது, சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

அன்றைக்கு ரோக்ஸி ஓட்டிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதல் ஓட்டத்தில் வழி தவறி, பாதைக்கு வெளியே போய், கோன் எடுக்கிறவர்களுக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டாவதில் இரண்டு கோன். மூன்றாவதில் மூன்று. மூன்றில் ஒன்று காருக்கு அடியில் மாட்டிக்கொண்டு முடிவுக் கோடுவரை இழுபட்டு வந்தது. நேரம் குறிக்கும் டிரெய்லருக்குள் உட்கார்ந்திருந்த என் காதில் வாக்கி-டாக்கி வழியாகக் கோன் எடுக்கிறவர்களின் சிரிப்புதான் கேட்டது. தண்டத்தைச் சேர்த்து மொத்த நேரத்தை ஒலிபெருக்கியில் வாசித்தேன், "நூத்தி முப்பத்தெட்டு, அம்பத்திரண்டு புள்ளி ஒண்ணு." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். நான்காவதில் ஒரே ஒரு கோன், கடைசி வளைவில்.

டுவேன் நான்கு ஓட்டமும் ஒரு கோன் தொடாமல் ஓட்டினான். நல்ல ஓட்டம் நாற்பத்தெட்டு புள்ளி நான்கு. கர்ட்டிஸ் நாற்பத்தாறு புள்ளி ஒன்பது. டுவேன் ஒன்பதாவது.

சாப்பாட்டு நேரத்தில் அவன் காருக்குள் உட்கார்ந்து, வெயில் படாமல் தலைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கதவு படாரென்று திறந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, துண்டு தோளில் தொங்க, நேரே என் டிரெய்லர் ஜன்னலுக்கு வந்தான்.

"லைல்! உன் கடிகாரம் கெட்டுப்போச்சுடா!"

எனக்குச் சுருக்கென்றது. என் கடிகாரத்தைப் பதினாறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன்.

"என்னடா சொல்றே?"

"நாப்பத்தாறு புள்ளி ஒண்ணு! இங்க பாரு, என் பேருல, சிறந்த ஓட்டம். நீ என்னமோ நாப்பத்தெட்டு புள்ளி நாலுன்னு வாசிச்சே. ஒம்போது வருஷமா இப்படித்தான் வாசிச்சிருக்கே!"

ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். கர்ட்டிஸும் வந்தான். ரோக்ஸி கூலரில் இருந்து எலுமிச்சை ஜூஸை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். டுவேனுக்கு இப்போது கூட்டம் கிடைத்துவிட்டது. திரையை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தான்.

"இந்தக் கோடு என் காலு. பாருங்க, மேலேயே நிக்குது. எங்கயாச்சும் தூக்கியிருக்கேனா? இது ஓட்டறவனோட காலு. யாருய்யா என் மேல தப்புன்னு சொன்னது? கடிகாரம் தப்பு! கார் மேலகூட தப்பு இல்ல, அந்தப் பாவத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

முப்பது வருஷ நண்பன், என் மூன்று சனிக்கிழமையைத் தின்றவன், அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய் நேரம் வாசிக்கிறவன் ஆக்கிவிட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அச்சடித்த தாளை எடுத்தேன். அதில் தண்டம் சேர்ப்பதற்கு முந்தைய நேரம் ஒரு பத்தி, தண்டம் ஒரு பத்தி, மொத்தம் ஒரு பத்தி. அவன் பெயருக்கு நேரே விரலை ஓட்டினேன். நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு புள்ளி எட்டு, நாற்பத்தெட்டு புள்ளி நான்கு, மறுபடி நாற்பத்தெட்டு புள்ளி எட்டு. நாற்பத்தாறு எங்கேயும் இல்லை. "பாத்தியா, பாத்தியா," என்று என் தலைமேலேயே நின்றான்.

அடுத்த வரியில் இருந்தது. நாற்பத்தாறு புள்ளி ஒன்று. தண்டம் ஆறு நொடி. எண் நூற்று முப்பத்தெட்டு.

என் கையால் தட்டி ஏற்றிய எண்தான். மூன்று கோனுக்குச் சிரித்த சிரிப்பில் முதல் பத்தியை நான் பார்க்கவே இல்லை. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தாளை மடித்து, "ஆமாண்டா, கடிகாரம் கொஞ்சம் அப்படித்தான்," என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவன் பூனைப் படுக்கைக்காரர்களிடம் சொல்வது போல. ஆனால் பதினாறு வருஷக் கடிகாரம்.

"டுவேன்," என்றேன், "ஆள் மாறும்போது பெட்டியில பேரை மாத்தினியா?"

"என்ன பேரு?"

"ஓட்டறவங்க பேரு. ஓரத்துல பட்டன் இருக்கே. ரோக்ஸி ஏறினா ரோக்ஸி பேரு, நீ ஏறினா உன் பேரு."

அவன் விரல் திரையின் ஓரத்தைத் தடவியது. ரோக்ஸிதான் சொன்னாள், நிதானமாக.

"நான் ஒண்ணையும் தொடல. தொடாதேன்னான்."

எட்டு ஓட்டமும் அவன் பெயரிலேயே பதிவாகியிருந்தது. தாளை ஜன்னல் வழியாக அவனிடம் நீட்டினேன். டுவேன் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி தாள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சிரித்திருந்தால் அவன் திருப்பித் திட்டியிருப்பான்.

"கோனை இடிச்சா வழி குறுகிடும்," என்றான். "அதான் நேரம் கொறைஞ்சிருக்கு. கோனை வெட்டிட்டுப் போனா எவன் வேணா—"

"நாலாவது ஓட்டத்தப் பாரு," என்றான் கர்ட்டிஸ். அவன் குரலில் கிண்டல் இல்லை. "ஒரே கோன், அதுவும் கடைசியில. நாப்பத்தாறு புள்ளி ஏழு. என்னைவிட வேகம்."

அந்தப் பெட்டியில் இரண்டு ஓட்டங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். கர்ட்டிஸ் அதை வாங்கிச் செய்து காட்டினான். ரோக்ஸியின் கால் கோடு மேலே நேராக ஓடியது, வளைவில் மட்டும் இறங்கி உடனே ஏறியது. டுவேனின் கோடு ஐந்து இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. ஐந்தும் ஒவ்வொரு கோனுக்கும் கொஞ்சம் முன்னால். கோனை இடிக்காத பெருமை எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நல்லவேளை, யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

டுவேன் காருக்குப் போய் சாவியை எடுத்து வந்தான். ரோக்ஸியின் முன்னால் நீட்டினான். வாக்குத் தவறுகிறவன் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"இந்தா."

"எனக்கு எதுக்கு சாவி?"

"சொன்னேன்ல. புடி."

"டுவேன், சாவி வேணாம். ஒரே ஒரு தடவை வாயால சொல்லு. முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை."

"என்னத்தச் சொல்றது?"

"உனக்குத் தெரியும்."

அவன் வாயைத் திறந்தான். "இந்தப் பெட்டி ஆள் மாறினதை அதுவா கண்டுபிடிச்சிருக்கணும்," என்றான்.

ரோக்ஸி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு அலுப்பு. சாவியை வாங்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. இரண்டே வார்த்தை. அதுகூட வராது.

சாயங்காலம் போட்டி முடிந்ததும் கணக்கில் வராத சும்மா ஓட்டம் உண்டு. வேண்டியவர்களைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டலாம். டுவேன் வெயிலில் நின்று கோன் நிமிர்த்திக்கொண்டிருந்தான், யாரும் சொல்லாமலே. ரோக்ஸி மஞ்சள் காரை அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, சுற்றிவந்து பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏறு. ரெண்டு ஓட்டம் வாங்கியிருக்கேன்."

"நான்தான் சாவியக் குடுத்துட்டேனே."

"சாவி என்னுது. நான் யாருக்கு வேணாலும் குடுப்பேன். ஏறுய்யா."

வரிசையில் என் டிரெய்லருக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். ஜன்னல் திறந்திருந்தது, பேச்சு கேட்டது.

"உனக்குப் பயமாவே இல்லியா ரோக்ஸி?" என்று கேட்டான். காரணம் தேடுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டான்.

"எதுக்குப் பயம்? என் பஸ்ல அறுபது பிள்ளைங்க. பனியில, பனிமூட்டத்துல, ரோட்டோரம் தாய்மார் நிக்கறாங்க. அங்க இடிக்கக் கூடாது. இங்க இருக்கறது ரப்பர், டுவேன். விழுந்தா யாராச்சும் வந்து எடுத்து வைப்பாங்க."

பச்சை விளக்கு எரிந்தது. போனான். மஞ்சள் கார் முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது. எழுந்து நின்று பார்த்தேன். இடிடா, இடித்துத் தொலையடா என்று வாய்விட்டே சொன்னேன், பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு கோன்கூட விழவில்லை. நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது. காலையில் ஓட்டிய நல்ல ஓட்டத்தைவிட மோசம். ஒலிபெருக்கியில் வாசித்தேன், வேறு என்ன செய்வது?

கார் மெதுவாகத் திரும்பி வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றது. திரை அணைந்து கிடந்தது, அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் காத்திருந்தேன். வெயில், தரை, டயர் என்று ஏதாவது வரும்.

"காலைத் தூக்கிட்டேன்," என்றான்.

ரோக்ஸி திரும்பிப் பார்த்தாள்.

"மூணாவது கோன்கிட்ட. அப்புறம் கடைசியிலயும். தூக்கக் கூடாது, தூக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டேதான் போனேன். தூக்கிட்டேன். காருக்கு ஒண்ணுமில்ல ரோக்ஸி. நான்தான். ஒம்போது வருஷமா நான்தான்."

ரோக்ஸி ஹெல்மெட்டோடு அவன் தோளில் தலையை முட்டிக்கொண்டாள், இரண்டு ஹெல்மெட்டும் டக்கென்று மோதின. பிறகு வரிசையைக் கைகாட்டினாள்.

"இன்னொரு ஓட்டம் இருக்கு. போய் வரிசையில நில்லு."